இரண்டாவது சாவி

சமயநல்லூர் தாண்டி மழை ஈரத்தில் ஸ்கூட்டர் சறுக்கி சத்யப்ரியா விழுந்தபோது, பின்னால் வந்த லாரி நல்லவேளையாக நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து, திட்டுவதற்கு வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் வண்டியை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுப் போனார். லாரியின் பம்பருக்கும் தன் தலைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்பதை அவள் கணவன் அழகுராஜாவிடம் சொல்லவே இல்லை. மணிக்கட்டில் விரிசல் என்று மட்டும் சொன்னாள்.

அந்த மணிக்கட்டுதான் அவள் பிழைப்பு. மதுரை கே.கே. நகரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்த்தாள். இறுகிப்போன தோள்களையும் படுத்துவிட்ட கால்களையும் பிடித்து, மடக்கி, நீட்டி, திரும்ப அசைய வைப்பவள். கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். கம்பியைப் பிடித்த கை மாலையில் வீங்கிவிட்டது.

"இனிமே ரெண்டு சக்கரமும் வேணாம், பஸ்ஸும் வேணாம்," என்றான் அழகுராஜா. வாடிப்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவன். "ஒரு சின்னக் காரா வாங்கிருவோம். தெனமும் போய்ட்டு வரத்தான?"

ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார்கள். அழகுராஜாவுக்குப் புது வண்டிதான் வேண்டும். சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத வாசனையே அவனுக்குப் பாதி போதையாக இருந்தது. விளம்பரத்தில் ஒரு விலை, வரியும் இன்சூரன்ஸும் பதிவுச் செலவும் சேர்ந்ததும் வேறு விலை. ஏழு வருடத் தவணை என்றால் மாதம் கையைக் கடிக்காது என்று விற்பனைப் பையன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான்.

வெளியே வந்ததும் சத்யப்ரியா சொன்னாள்: "ஏழு வருசமும் நான் லீவே போடாம இருக்கணுமா? நாளைக்கே புள்ள உண்டானா யாரு டியூ கட்டுறது?"

"அதுக்காக அடுத்தவன் ஓட்டித் தேஞ்ச வண்டிய வாங்கச் சொல்றியா?"

"தேயாத வண்டியா பாத்து வாங்குவோங்க."

சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது, பெட்ரோலும் பராமரிப்பும் தனி என்பது அவள் போட்ட கணக்கு. அந்தக் கணக்குக்குள் புது வண்டி எதுவும் நுழையவில்லை. கடைசியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி அவனியாபுரத்துக்குப் போனார்கள். அங்கே ஒர்க்‌ஷாப்புகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் பின்னால், மொக்கைச்சாமி என்கிற புரோக்கர் காலி மனையில் தகரக் கூரை போட்டுப் பழைய கார்களை நிறுத்தியிருந்தார்.

வரிசையின் கோடியில் அந்த வெள்ளைக் கார் நின்றது. நான்கு வருடப் பழசு. டயரின் பட்டன் தேயாமல் இன்னும் ஆழமாக இருந்தது. ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு அழகுராஜாவே கொஞ்சம் இறங்கி வந்தான்.

"மீட்டரத் திருப்பி வச்சிருக்கீங்களாண்ணே?"

"ஏ மாப்ள, சர்வீஸ் பில்லு இருக்கு, எடுத்துப் பாரு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா மட்டும் ஓடுன வண்டி. வயசான மனுசன். டியூ நின்னுபோச்சு, ஃபைனான்ஸ்காரங்க தூக்கிட்டாங்க. ஏலத்துல எடுத்தேன். பேப்பரு அம்புட்டும் க்ளியர்."

சத்யப்ரியா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடி எல்லாப் பக்கமும் நன்றாகத் தெரிந்தது. கிளட்ச் காலுக்கு இளகலாக இருந்தது. பக்கத்து சீட் மட்டும் லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினாள்.

"இன்னொரு சாவி?"

"சீஸிங் வண்டில ஒரு சாவிதான்ம்மா கைக்கு வரும். இன்னொண்ணு பழைய ஓனருட்ட கெடக்கும். அவரு ஓங்க வண்டிய எங்க தேடிட்டு வரப்போறாரு? மனசு கேக்கலேன்னா பூட்டு செட்ட மாத்திக்கங்க."

மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். பேட்டரியும் இன்சூரன்ஸும் முந்திக்கொண்டன.

பழைய வண்டிக்கு வட்டி கூடுதல்தான். ஆனால் தொகை சின்னது, ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். பேங்க்கில் கையெழுத்துப் போடும்போது மேனேஜர் ஆர்.சி.யின் நகலைக் காட்டினார். முன்பு கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் நீங்கி, அந்த இடத்தில் இனி இந்த பேங்க்கின் பெயர் வரும் என்றார். யாரோ ஒருவர் கட்ட முடியாமல் விட்ட வண்டிக்குத் தான் கட்டத் தொடங்குகிறோம் என்று சத்யப்ரியாவுக்குத் தோன்றியது. அது யார், ஏன் விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி வண்டியை எடுத்தார்கள். கிளினிக் இருந்த தெருவில் ஒரு காலி மனையின் சுவரை ஒட்டிப் புங்கமரம் நின்றது. அதன் நிழலில் காலையில் நிறுத்திவிட்டு மாலையில் எடுப்பாள். முதல் நாட்களில் அவளுக்கு அது ஒரு சுகம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் லாரிகள் ஊமையாகிவிடும். வாடிப்பட்டிவரை ஒரு பாட்டுக்கூடப் போடாமல் அமைதியைக் கேட்டுக்கொண்டே போவாள்.

பிறகு ஒரு மாலை, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவளுக்குக் கால் கிளட்ச்சை எட்டவில்லை. சீட் பின்னால் தள்ளியிருந்தது. நடுக்கண்ணாடியில் ரோட்டுக்குப் பதிலாக மேற்கூரை தெரிந்தது.

"நீங்க எதுவும் சீட்டத் தள்ளுனீங்களா?" என்று போனில் கேட்டாள்.

"நான் வண்டியத் தொட்டே நாலு நாளாச்சு. நீயே இறங்கயில எதையாவது இழுத்து விட்டிருப்ப."

இருக்கலாம் என்று விட்டாள். இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது உள்ளே தைல வாசனை அடித்தது. கிளினிக்கில் அதே வாசனையில் நாள் முழுக்க நிற்பவள். தன் உடையிலிருந்து வருகிறது என்று நினைத்தாள். அப்போதுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.

சீட் சாய்ந்திருந்தது. சீட் பெல்ட் குறுக்கே இழுக்கப்பட்டு, கீழே சரியாக மாட்டப்பட்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. பெல்ட் மட்டும் யாரையோ அணைத்துப் பிடித்திருப்பதுபோல் தளர்வாக, மார்பு இருக்கவேண்டிய உயரத்தில் நின்றது. அந்தப் பக்கத்து ஏ.சி. துவாரம் இறுக மூடியிருந்தது.

கதவுகள் எல்லாம் பூட்டித்தான் இருந்தன. அவளே ரிமோட்டை அழுத்தித்தான் திறந்தாள்.

அன்று வாடிப்பட்டிவரை பெல்ட்டைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அழகுராஜா வந்து கழற்றினான். சிரித்தான். ஆனால் மறுநாள் காலையில், கடையைத் திறப்பதற்கு முன்பே, "நாயித்துக்கெழம பாண்டி கோயிலுக்குப் போயிட்டு வந்துருவோம்," என்றான்.

போனார்கள். பூசாரி வண்டியின் நெற்றியில் சந்தனம் பூசி, மாலை போட்டு, விபூதியை உள்ளே நான்கு சீட்டின் பக்கவாட்டிலும் பூசினார். திங்கள்கிழமை மாலை விபூதி மூன்று சீட்டில் அப்படியே இருந்தது. பக்கத்து சீட்டில் மட்டும் துடைக்கப்பட்டிருந்தது. பெல்ட் மாட்டியிருந்தது.

சத்யப்ரியா பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் வலி எங்கே என்று தெரியாத நோயாளியைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. விரலால் அழுத்தி அழுத்தி இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை விடமாட்டாள். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில், டிபன் டப்பாவைத் திறக்காமல், கிளினிக்கின் பின்வாசல் வழியாகச் சுற்றிப் புங்கமரத்துக்கு வந்தாள்.

காருக்குள் ஒரு ஆள் இருந்தார்.

டிரைவர் சீட்டில், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், ரோட்டைப் பார்த்தபடி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை. நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. வண்டி ஓடவில்லை, ஆனால் ஓடுகிற வண்டியில் இருப்பவரைப்போல் அவ்வப்போது கண்ணாடியைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. இடப்பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து எதையோ சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நிறுத்தினார்.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவர் திடுக்கிடவில்லை. சிக்னலில் யாரோ தட்டியதுபோல் திரும்பினார். பிறகு முகம் மெதுவாக மாறியது. கதவைத் திறந்து இறங்கினார்.

"கத்தாதீங்கம்மா. நான் திருடன் இல்ல." சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "இந்தாங்க. இது ஓங்க வண்டிச் சாவிதான்."

சாவியை வாங்கும்போது அவர் கை ஜில்லென்று இருந்தது.

"யாரு நீங்க?"

"ராதாகிருஷ்ணன். வீடு வில்லாபுரம். இது... முந்தி என் வண்டி." இரண்டு தெரு தள்ளி இருந்த மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுவதாகச் சொன்னார். சாப்பிடப் போகும்போது ஒரு நாள் வண்டியைப் பார்த்தாராம். "நம்பரப் பாத்ததும் நின்னுட்டேன். வீட்டுல ஸ்பேர் சாவி சாமி படத்துக்குப் பின்னால கெடந்துச்சு. தப்புன்னு தெரியும். தெரிஞ்சேதான் வந்தேன்."

"பக்கத்து சீட்டுல பெல்ட் போட்டு விடுறது?"

"அது சாரதா எடம். என் சம்சாரம். சாரதாம்பாள்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். சாரதாம்பாளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் இதே கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஆட்டோவில் குலுக்கல் தாங்காது என்பதற்காகவே கடன் போட்டுக் கார் வாங்கினார். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவள் அசந்து தூங்கிவிடுவாள். ஏ.சி. நேராகப் பட்டால் குளிரும், அதனால் அந்தத் துவாரத்தை மூடிவிடுவார். தூங்கினாலும் பேச்சை நிறுத்தக்கூடாது அவளுக்கு. ரோட்டில் என்ன நடக்கிறது என்று இவர் சொல்லிக்கொண்டே வரவேண்டும். தூக்கத்திலேயே 'உம்' கொட்டுவாள்.

"அன்னைக்கும் அப்பிடித்தான் பேசிட்டே வந்தேன். நல்லாத் தூங்குறான்னு நெனச்சு, பள்ளம் மேடெல்லாம் பாத்துப் பாத்து ஓட்டுனேன். ஹாரன்கூட அடிக்கல. வீட்டு வாசல்ல நிப்பாட்டி, சாரதா, வீடு வந்துருச்சுன்னேன்." எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். "டாக்டர் வந்து பாத்துட்டு, உயிரு எப்பவோ போயிருச்சுன்னாரு. எப்பவோன்னா எப்பம்மா? எந்த எடத்துல? யார்ட்டப் பேசிட்டு வந்தேன் நான்?"

சத்யப்ரியா சாவியை இறுகப் பிடித்திருந்தாள்.

"அதுக்கப்புறம் இந்த வண்டிய ஓட்டவும் முடியல, என் கையால விக்கவும் மனசு வரல. டியூ கட்டாம விட்டா அவங்களே வந்து எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு விட்டேன். எடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ள உக்காந்தா, எது வரைக்கும் உம் கொட்டுனான்னு ஞாபகம் வந்துரும்போல இருக்கு. வர மாட்டேங்குது. நிக்கிற வண்டில வராதோ என்னமோ." தயங்கினார். "ஒரே ஒரு தடவ அந்த ரோட்டுல என்னக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"முடியாது," என்றாள் சத்யப்ரியா. சொன்னதே அவளுக்குப் பிறகுதான் கேட்டது. "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க அய்யா. தயவுசெஞ்சு."

அவர் தலையசைத்தார். நடந்து போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

இனி பயமில்லை, இரண்டு சாவியும் கையில் என்று அவள் நினைத்தாள். ஆனால் அன்றிலிருந்துதான் வண்டி அவளுக்கு அந்நியமானது. முன்பு யார் என்று தெரியாத ஒன்று உள்ளே வந்து போனது. இப்போது ஒரு பெயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பையை அந்த சீட்டில் வைக்க மாட்டாள்; மடியில் இடுக்கிக்கொண்டு ஓட்டினாள். வளைவுகளில் இடதுபக்கக் கண்ணாடியைப் பார்க்கும்போது அந்த சீட்டைத் தாண்டித்தான் பார்க்கவேண்டியிருந்தது.

அழகுராஜா கொதித்தான். போலீஸுக்குப் போகவேண்டும் என்றான். அவள் கூடாதென்றதும் மொக்கைச்சாமிக்குப் போன் போட்டான்.

"வண்டில ஆள் செத்திருக்கு, சொல்லவேயில்லையேண்ணே நீங்க?"

"எனக்கே நீ சொல்லித்தான் மாப்ள தெரியும். பழைய வண்டின்னா யாராச்சும் உக்காந்துதான இருப்பாங்க?" என்றார் அவர். திரும்ப எடுத்துக்கொள்வதானால் என்ன விலை என்று சொன்னார். அந்த விலைக்குக் கொடுத்தால் வண்டி போய்விடும், பேங்க் கடனில் பாதி பாக்கி நிற்கும்.

"கையில இல்லாத காருக்கு டியூ கட்டவா?" என்றாள் சத்யப்ரியா. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

அதே வாரம், காலையில் பரவை அருகே போய்க்கொண்டிருந்தபோது வண்டி கத்த ஆரம்பித்தது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்லும் ஒலி. பக்கத்து சீட்டில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. மெக்கானிக்கிடம் கேட்டால் சென்சார் கோளாறு என்பான், அவளுக்கே தெரியும். ஆனால் அந்த ஒலி நிற்கவில்லை. ஓரமாக நிறுத்தி, சாய்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் அடங்கியது. அந்த அமைதியில் உட்கார்ந்திருக்க முடியாமல் வண்டியை எடுத்தாள்.

மறுநாளிலிருந்து அவளே காலையில் அந்த பெல்ட்டை மாட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். ஏன் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அழகுராஜா அதைப் பார்த்துவிட்டான். "நான் உக்காந்து காட்டுறேன் பாரு," என்று ஞாயிற்றுக்கிழமை அந்த சீட்டில் ஏறிக்கொண்டான். மாட்டுத்தாவணியில் ஒரு கல்யாண வரவேற்பு. போகிற வழியெல்லாம் கடைக் கதை, யூரியா தட்டுப்பாடு, அவன் சித்தப்பா வீட்டுத் தகராறு என்று பேசிக்கொண்டே வந்தான். அவளுக்கு மனசு இளகியது. திரும்பும்போது அவள் பேசினாள். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் செய்த கூத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவள், வெகுநேரமாகத் தன் குரல் மட்டுமே கேட்பதை உணர்ந்தாள்.

"என்னங்க?"

பதில் இல்லை. திரும்பினாள். அவன் தலை கண்ணாடிப் பக்கம் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவள் பிரேக்கை மிதித்தது பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரனில்தான் அவளுக்கே தெரிந்தது. வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னங்க! என்னங்க!" அவன் திடுக்கிட்டு விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவளைத் தள்ளினான்.

"ஏய், என்னாச்சு? தூங்கக்கூட விடமாட்டியா?"

சத்யப்ரியா ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள். அவன் சீட் பெல்ட்டைக் கழற்றினான். பிறகு அவள் முதுகில் கை வைத்து, "சரி, சரி. இந்தா இருக்கேன்ல," என்றான். வீடு வரைக்கும் தானே ஓட்டினான். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

மறுநாள் அவள் மருந்து மொத்தக் கடைக்குப் போனாள். ராதாகிருஷ்ணன் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தார். அவளைப் பார்த்ததும் பயந்து எழுந்தார்.

"நான் அன்னைக்கப்புறம் வரவேயில்லைம்மா."

"தெரியும். சாயந்தரம் கூட்டிட்டுப் போறேன், வாங்க. ஓங்களுக்காக மட்டும் இல்ல. அந்த எடம் தெரியாம என்னாலயும் வண்டி ஓட்ட முடியல."

டயாலிசிஸ் நடந்த ஆஸ்பத்திரியின் வாசலிலிருந்து கிளம்பினார்கள். அவர் பின்சீட்டில் ஏறினார். முன்னால் கை நீட்டி, காலி சீட்டின் பெல்ட்டை மாட்டிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கியரைப் போட்டாள். வெயில் மஞ்சளாகியிருந்தது. பள்ளிக்கூட வேன்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"சொல்லிட்டே வாங்க அய்யா. அன்னைக்குச் சொன்னத அப்பிடியே சொல்லுங்க."

அவர் முதலில் தடுமாறினார். அண்ணாநகர் வந்ததும் குரல் தானாக வந்துவிட்டது. இந்த பேக்கரியை மூடிவிட்டார்கள் பார். அந்த வீட்டுக்காரன் கடைசியில் மரத்தை வெட்டிவிட்டான். உன் தம்பி மகள் நிச்சயத்துக்கு நீ பட்டு கட்டவேண்டாம், கனக்கும், லேசாக எதையாவது கட்டிக்கொள். எங்கெல்லாம் அவள் உம் கொட்டினாள் என்று இடையிடையே சொன்னார். குருவிக்காரன் சாலைப் பாலத்தில் ஏறியதும், "இங்க அவளே பேசுனா," என்றார். "ஆத்துல தண்ணி வருதான்னு கேட்டா. கண்ணத் தொறக்கல. ஓரமா கொஞ்சூண்டு ஓடுதுன்னேன். அது நிச்சயம். அதுக்கப்புறம்தான் தெரியல."

சத்யப்ரியா பாலத்தை விட்டு இறங்கினாள்.

அப்போதுதான் அந்த மூச்சு அவள் காதில் பட்டது. பின்னாலிருந்து என்று நினைத்தாள். களைத்துத் தூங்குகிறவர்களின் மூச்சு. உள்ளே போகும்போது ஒரு சின்னத் தடை, வெளியே வரும்போது நீளம். கிளினிக்கில் சிகிச்சைப் படுக்கையில் அப்படித் தூங்கிப்போகிற வயதானவர்களை அவளுக்குத் தெரியும். தெப்பக்குளத்தின் கரையை ஒட்டி வண்டி திரும்பியது. பஜ்ஜிக் கடைகளில் கூட்டம். அவர் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசும்போதும் அந்த மூச்சு கேட்டது.

பேசுகிறவர் எப்படி அப்படி மூச்சு விடமுடியும் என்று அவளுக்கு உறைத்தது. அவள் இடப்பக்கம் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. ஆனால் பயம் என்று சொல்லவும் முடியவில்லை. வேகத்தடை வந்தபோது கால் தானாக பிரேக்கில் மெதுவாக அழுந்தியது. முன்சக்கரங்களை ஏற்றி, இறக்கி, பின்சக்கரங்களை ஏற்றி, இறக்கினாள். யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல.

"நானும் இப்பிடித்தாம்மா ஓட்டுனேன்," என்றார் அவர், பின்னாலிருந்து, மிகத் தாழ்ந்த குரலில்.

அனுப்பானடிப் பக்கம் திரும்பியதும் ரோடு குறுகியது. ஒரு டயர் பஞ்சர் கடை, அதன் வாசலில் அடுக்கிய பழைய டயர்கள். எதிரே ஒரு வீட்டுச் சுவரில் காதுகுத்து விழா போஸ்டர். மூச்சு ஒரு முறை உள்ளே போனது. அவள் அது வெளியே வரக் காத்திருந்தாள். டயர் கடை கடந்தது. அடுத்த வீடு கடந்தது. வரவில்லை.

அவள் இண்டிகேட்டரைப் போட்டு ஓரமாக நிறுத்தினாள்.

"ஏம்மா நிப்பாட்டிட்டீங்க? இன்னும் சிந்தாமணி ரோடு இருக்கே."

"இங்கதான் அய்யா, அந்த டயர் கடகிட்ட," என்றாள் சத்யப்ரியா.

"எப்பிடி..."

அவர் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, செருப்பைக் காருக்கு அருகிலேயே கழற்றிவிட்டு, கொஞ்சதூரம் பின்னோக்கி நடந்தார். டயர் கடைக்கு முன்னால் போய் நின்றார். கடைக்காரன் காற்றடிக்க வந்தவர் என்று நினைத்து எழுந்தான். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, தரையைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், மேலே இரண்டு மின்கம்பிக்கு நடுவில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். ஒரு இடத்தை மனதில் பதிய வைத்துக்கொள்கிறவர் பார்ப்பதுபோல.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நிச்சயத்துக்கு எந்தச் சேலைன்னு இங்க வரயிலதான் சொல்லிட்டு இருந்தேன்," என்றார். "இல்ல, அது முன்னாடி. இங்க... பஞ்சர் கடக்காரன் ரேடியோ கேட்டுட்டு இருக்கான் பாரு, ஓனக்குப் பிடிச்ச பாட்டுன்னேன்." அவர் முகம் உடைந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "பாட்டு கேட்டிருப்பா. போதும்மா. நான் இங்கருந்து நடந்தே போயிர்றேன்."

"ஏறுங்க, வீட்டுல விட்டுர்றேன்."

"வேணாம். வீட்டு வாசல்ல இந்த வண்டி நிக்க வேணாம்."

முன்கதவைத் திறந்து, பெல்ட்டைத் தானே கழற்றி, அது சுருண்டு மேலே ஏறும்வரை கையோடு கொண்டுபோய் விட்டார். கதவைச் சாத்தினார். சத்தமே வரவில்லை.

அழகுராஜாவிடம் அவள் ரோட்டையும் பேச்சையும் சொன்னாள். மூச்சைச் சொல்லவில்லை. "அவருக்கு எடம் கெடச்சிருச்சா?" என்று கேட்டான். கிடைத்துவிட்டது என்றாள். அந்த வாரம் அவன் பூட்டு செட்டை மாற்றிக் கொடுத்தான். சென்சாரைச் சரிபார்த்த மெக்கானிக், ஒயர் ஒன்று தளர்ந்திருந்தது என்றான். அதன்பிறகு வண்டி காரணமில்லாமல் கத்தவில்லை. பையை அந்த சீட்டில் வைக்க அவளுக்குப் பல நாள் ஆனது.

வெயில்காலம் தொடங்கியபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுப்பானடியில் ஒரு நோயாளியை வீட்டிலேயே பார்க்கப் போகவேண்டியிருந்தது. திரும்பும்போது அந்த வழியாகத்தான் வந்தாள். டயர் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ராதாகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. கடைக்காரன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே எதையோ சொல்ல, அவர் உம் கொட்டிக்கொண்டிருந்தார். தினமும் வருகிறவரைப்போல் காலை நீட்டி, சௌகரியமாக இருந்தார்.

சத்யப்ரியா வேகத்தைக் குறைத்தாள். அவர் தலையை நிமிர்த்தி வண்டியைப் பார்த்தார். நம்பரைப் பார்த்ததாகத் தெரியவில்லை, அவளையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ரோட்டில் போகிற ஏதோ ஒரு வெள்ளைக் காரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, டீயின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கடந்து போனாள். கண்ணாடியை ஏற்றவில்லை. பாலம் ஏறும்வரை ஊர்ச் சத்தம் முழுதும் உள்ளே வரட்டும் என்று விட்டிருந்தாள்.